கவுரவம் கிலோ என்ன விலை, மாப்ள?

மாசம் பொறந்து இருவது நாளு ஆகல. அதுக்குள்ள உன் வீட்டு எண்ணெ டப்பா தலைகீழா நிக்குதுன்னு கேள்விப்பட்டேன். சொன்னது யாருன்னு கேக்காத. நம்ம ஊரு பரளச்சியில ஒரு வீட்டுல தாளிக்கிற சத்தம் கேக்கலன்னா நாலு வீட்டுக்குத் தெரியும். உக்காரு. சாமான் செலவ எப்படிக் குறைக்கிறதுன்னு கேக்கத்தான வந்திருக்க? சொல்றேன். ஆனா நான் சொல்றதக் கேட்டுப் போட்டு வீட்டுல போயி பொண்டாட்டிய விரட்டக் கூடாது. தாயி, நீயும் இப்படி வந்து உக்காரு. கணக்கு உனக்குத்தான் புரியும். இவன் மில்லுல நூலு அறுந்தா எட்டு வரிசைக்கு அந்தப் பக்கமிருந்து கண்டுபிடிப்பான், சட்டப் பையில காசு அறுந்தா கண்டுபிடிக்க மாட்டான்.

நீ முதல்ல அரிசியிலதான கை வைக்கப் பாக்குற? வெல கம்மியான அரிசி, ஒரு வேளை சோத்தக் குறைக்கிறது, அப்படித்தான? அங்கனதான் தப்பு. 2022-23-ல சர்க்காரு வீடு வீடாப் போயி எதுக்கு எம்புட்டுச் செலவழிக்கிறீகன்னு கணக்கெடுத்துச்சு. பேரன் பேப்பர்ல வாசிச்சுச் சொன்னான். நம்ம நாட்டுல கிராமத்து ஆளு 100 ரூவா செலவழிச்சா 46 ரூவாதான் வாயிக்குப் போகுது. அதுலயும் அரிசி, கோதுமை, மத்த தவசம் எல்லாம் சேத்து 5 ரூவா வரல. டீ, காப்பி, கலரு, பொட்டலத் தீனி, கடைப் பலகாரம், இதுக்கு மட்டும் 9 ரூவா 60 காசு. சோத்துக்கு ஆகுறதப் போல ரெண்டு பங்கு நொறுக்குத்தீனிக்கு. வயித்துக்கு ஆகுற செலவு கம்மி மாப்ள. வாயிக்கும் கவுரவத்துக்கும் ஆகுற செலவுதான் உன் மாசத்த இருவதாந் தேதியே முடிச்சு வைக்குது.

உன் வீட்டுல ரெண்டு புள்ளைக. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஆளுக்கு ஒரு 10 ரூவாப் பொட்டலம். உள்ள அடைச்சிருக்கிற காத்து போக 20, 25 கிராம் இருக்கும். கிலோவுக்குப் போட்டுப் பாரு, 400, 500 ரூவா ஆகுது. உருளக்கெழங்க கிலோ 500 ரூவாய்க்கு வாங்குற சீமானு நீ ஒருத்தன்தான்னு ஊருக்குள்ள சொல்லிக்கிடலாம். லீவு நாளும் சேத்து மாசத்துக்கு 600 ரூவா. ரேஷன் விலைக்குப் பாத்தா 20 கிலோ துவரம்பருப்புக் காசு. கார்டுக்கு 1 கிலோதான் குடுப்பாக, அது வேற கதை.

வாங்கித் தரலன்னா புள்ள அழுகுதுன்னு சொல்லுற. எப்படி அழுகாம இருக்கும்? அப்பன் டீக்கடை பெஞ்சுல உக்காந்து ரெண்டு வடையும் ஒரு டீயும் உள்ள தள்ளுறத அதுவும் பாத்துக்கிட்டுத்தான வருது? நீ முதல்ல வடைய நிறுத்து, புள்ள தானா பொட்டலத்த நிறுத்தும். அவிச்ச கடல, தட்டாம்பயறு சுண்டல், கம்பு மாவுல கருப்பட்டியப் போட்டு உருண்ட, இதெல்லாம் திங்கிற புள்ளைக்குப் பல்லு விழாது. பொட்டலம் திங்கிற புள்ளைக்குப் பல்லு இருக்குதான்னு டாக்டருக்கிட்டப் போகணும், அதுக்கும் பஸ் செலவு.

சரி, கடைக்கே போறன்னு வையி. பொட்டலத்துல விலையப் பெருசாப் போட்டிருப்பான். அதுக்குக் கீழ பொடி எழுத்துல கிராமுக்கு எம்புட்டு, மில்லிக்கு எம்புட்டுன்னு போட்டாகணும்னு இப்ப சட்டமே வந்திருக்கு. அத வாசி. கண்ணாடி போட்டிருக்கிற நானே வாசிக்கிறேன், உனக்கென்ன? சமையல் எண்ணெ 1 லிட்டர்னா எடைக்கு 910 கிராம் பக்கம் வரணும். அதுக்குப் பக்கத்துலயே அதே உருவத்துல, அதே மஞ்ச நெறத்துல, 850 மில்லி, 800 மில்லின்னு ஒண்ணு தொங்கும். 10 ரூவா கம்மியா இருக்கேன்னு நீ அதத்தான் எடுப்ப. எடுத்துட்டு வந்து, “இந்த மாசம் எண்ணெ வெரசாத் தீந்துருச்சு”ன்னு பொண்டாட்டிய வைவ. அவ குடிச்சா தீத்தா?

எண்ணெ விலை ஏன் ஏறுதுன்னு கடைக்காரர்ட்ட சண்டைக்குப் போறதும் வீண். அவரு என்ன செய்வாரு? நம்ம நாடு திங்கிற எண்ணெயில பாதிக்கு மேல கப்பல்லதான் வருது. 2022-ல ரஷ்யாக்காரன் உக்ரைன்ல குண்டு போட்டான், சூரியகாந்தி எண்ணெ விலை ஏறுச்சு. அதே வருசம் இந்தோனேசியாக்காரன் பாமாயில வெளிய விடமாட்டேன்னு கொஞ்ச நாளு கதவச் சாத்துனான். எங்கயோ குண்டு விழுந்தா பரளச்சியில வடை சுருங்குது. அதனால பொரிக்கிறதக் குறைச்சு அவிக்கிறதக் கூட்டு. விருதுநகர்ல பரோட்டாவையே எண்ணெயில முக்கிப் பொரிக்கிறாக, அங்க போயி இந்த ஞாயத்தச் சொன்னா அடிப்பாக. உன் வீட்டுக்குள்ள சொல்லலாம்.

இன்னொரு கூத்து கேளு. 2022 ஜூலை 18-லருந்து, கட்டி முத்திரை போட்ட அரிசி, பருப்பு, மாவுக்கெல்லாம் 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதுக்கு மேல போனா வரி கிடையாது. நம்ம வியாபாரிக சும்மா இருப்பாகளா? மறுநாளே 26 கிலோ மூட போட்டுட்டாக. ஒரு கிலோ கூட வாங்குனவனுக்கு வரி இல்ல, அஞ்சு கிலோ பையா வாங்குற கூலிக்காரனுக்கு வரி உண்டு. இல்லாதவன்தான் எப்பவும் கூடக் குடுத்து வாங்குறான். எண்ணெய 10 ரூவாய்க்கு, சீயக்காய 2 ரூவாய்க்கு, மொளகாப் பொடிய 50 கிராம் பொட்டலமா. சேத்துப் பாத்தா பணக்காரன் குடுக்கிறத விட நீ கிலோவுக்குக் கூடக் குடுத்திருப்ப. ஆனா இதுக்கு உன்னத் திட்ட மாட்டேன். தெனக்கூலி வாங்குறவன் மொத்தமா வாங்க மொத்தக் காசுக்கு எங்க போவான்? 2025-26 கணக்குக்கு நூறு நாள் வேலைக் கூலி 336 ரூவான்னு தாள்ல இருந்துச்சு. தாள்ல இருக்கிறது கைக்கு எப்ப வரும்னு சோசியக்காரனும் சொல்ல மாட்டான். மொத்தமா வாங்குறதுக்கு ஒரு வழி இருக்கு, அப்புறம் சொல்றேன்.

முதல்ல ரேஷன் கடைக்குப் போ. பொண்டாட்டிய அனுப்பாத, நீயே பைய எடுத்துட்டுப் போ. வெள்ளைச் சட்ட போட்டவன் வரிசையில நின்னா என்ன, கம்மாய் வத்திப் போயிருமா? துவரம்பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் லிட்டர் 25 ரூவா, சீனி கிலோ 25 ரூவா. அரிசிக்குக் காசே கிடையாது. 2008-ல கிலோ 1 ரூவாய்க்குக் குடுத்தாக, 2011 ஜூன்லருந்து சும்மா. நான் கண்ட காலம் வேற. 1967-ல ரூவாய்க்கு மூணு படின்னு சொல்லி ஓட்டுக் கேட்டாக. செயிச்ச பெறகு ஒரு படி போட்டாக, அதுவும் மெட்ராஸ்லயும் கோயமுத்தூர்லயும். நம்ம வானம்பாத்த சீமைக்கு அந்தப் படி வந்து சேரல. இப்ப வீட்டு வாசலுக்குப் பக்கத்துல 20 கிலோ சும்மா வருது, நீ என்னன்னா வாங்கி அத நாலு காசுக்குத் தள்ளிவிட்டுட்டு, கடையில பேரு போட்ட மூட வாங்கிட்டு வாற. அந்த ரேஷன் அரிசியே பாலிஷ் போட்டு வேற சாக்குல திரும்ப வருதுன்னு ஊரே பேசுது. உன் அரிசிய நீயே வித்து, நீயே கூட வெலைக்கு வாங்குற. இதுக்குப் பேருதான் வியாபாரமா?

அரிசி வாடை அடிக்குதுங்கிற. நாலு தண்ணி விட்டுக் கழுவி அரை மணி நேரம் ஊறப் போடு. இட்லிக்கு அத விட நல்ல அரிசி எங்க இருக்கு? டீக்கடையில நீ மெச்சி மெச்சித் திங்கிற இட்லி எந்த அரிசின்னு நெனச்ச? அப்புறம் அந்த “பிளாஸ்டிக் அரிசி” பஞ்சாயத்து. சொளவுல போட்டு ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கி எறியுறாகளே, அது பிளாஸ்டிக்கு இல்ல தாயி. இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி12 எல்லாம் சேத்து அரிசி மாதிரிச் செஞ்சு, நூறு அரிசிக்கு ஒண்ணுன்னு கலந்து விட்டது. அது ரத்தத்துக்கு. அதப் பொறுக்கிக் குப்பையில போட்டுட்டு, ரத்தம் ஊறணும்னு டானிக் வாங்க அருப்புக்கோட்டைக்குப் போறாக.

இப்ப ஒரு வயித்தெரிச்சல் சொல்றேன். என் சின்ன வயசுல இந்தக் கரிசக்காட்டுல நெல்லுச்சோறுங்கிறது தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். மத்த நாளெல்லாம் கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரவாலி, கேப்பக்களி. வெஞ்சனத்துக்கு ஒரு வெங்காயம், ஒரு வத்தல். நெல்லுச்சோறு திங்கிற வீட்டுல பொண்ணு எடுத்தவன் ஊருக்குள்ள மீசைய முறுக்கிக்கிட்டுத் திரிவான். அறுவதுகள்ல பஞ்சம் வந்தப்ப அமெரிக்காவுலருந்து கப்பல்ல வந்த கோதுமையையும் மக்காச்சோளத்தையும் தின்னு பிழைச்ச கூட்டம் நாங்க. இன்னைக்கு அரிசி சும்மா கெடைக்குது, எவனும் மதிக்கல. நாங்க இல்லாமைக்குத் தின்ன குதிரவாலிக்கும் வரகுக்கும் சிறுதானியம்னு பேரு வச்சு, 2023-ஐ ஐநா சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சு, கண்ணாடி அலமாரிக்குள்ள கொண்டுபோயி வச்சுட்டாக. பேருதான் சிறு, விலை பெருசு. மதுரையில ஒரு கடையில கம்பங்கூழு சொம்புல ஊத்திக் குடுத்து வாங்குன காசக் கேட்டா எங்க ஆத்தா குழிக்குள்ளருந்து எந்திரிச்சு வந்துரும். ஆனா விதைச்சவனுக்கு? 2025-26-க்கு கம்புக்குச் சர்க்காரு வச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,775 ரூவா. கிலோ 28 ரூவா கூட இல்ல. அதுக்கும் கீழ குடுத்துட்டு வாறவன் எத்தன பேரு.

அதனால கம்பு வேணும்னா அலமாரிக்குப் போகாத. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் அறுத்துக் களத்துல கெடக்கும்போது போயி மரக்கா கணக்குல வாங்கு. புடைச்சு, காயவச்சு, வேப்பிலையப் போட்டுக் கட்டி வையி. எங்க காலத்துல மண் குலுக்கை இருந்துச்சு, ஆளு உசரம். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவச்சு உள்ள போட்டா அடுத்த வெள்ளாமை வரைக்கும் வண்டு சீண்டாது. இப்ப குலுக்கை இருந்த மூலையில பிரிட்ஜ் நிக்குது. தொறந்து பாத்தா உள்ள என்ன இருக்கு? மூணு நாள் மாவு, பாதி தக்காளி, அதுக்கு லைட்டு வேற.

தக்காளின்னதும் ஞாபகம் வருது. 2023 ஜூலையில தக்காளி கிலோ நூறத் தாண்டி ஓடுனப்ப, மெட்ராஸ்ல ரேஷன் கடையில வச்சு 60 ரூவாய்க்குக் குடுத்தாக. நம்ம ஊருல சில பேரு தக்காளி இல்லாம எப்படிக் கொழம்பு வைக்கிறதுன்னு துக்கம் விசாரிச்சாக. ஏன், புளி செத்துப் போச்சா? மாங்கா வத்தல் இல்லையா? எங்க ஆத்தா ஆயுசு பூரா தக்காளி போடாமத்தான் கொழம்பு வச்சுச்சு. அதத் தின்னுதான் இம்புட்டு வாயி எனக்கு.

மழ பேஞ்சா இந்தக் கரிசல் சும்மா குடுக்கிற சாமானு எம்புட்டு தெரியுமா? தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குமட்டிக்கீரை, சாரணத்தி. புஞ்சைக்குள்ள களையா மொளைக்கும், பிடுங்குனா காட்டுக்கும் நல்லது, சட்டிக்கும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில அதலக்கா. எவனும் விதைக்கல, எவனும் உரம் போடல, கெழங்குலருந்து தானா கொடி ஓடி வரப்பெல்லாம் காய்க்கும். கசப்புதான். நல்லெண்ணெய ரெண்டு சொட்டுக் கூட விட்டு, உள்ளிய அரிஞ்சு போட்டு வதக்குனா அந்தக் கசப்பே ருசி. முந்தி சும்மா பறிச்சிட்டு வந்தோம். சீனி வியாதிக்கு நல்லதுன்னு எவனோ கிளப்பி விட்டான், இப்ப அருப்புக்கோட்டையில அத வெல குடுத்து வாங்குறாக. நம்ம காட்டுல பறிச்சுக் கொண்டுபோயி வித்தவ புத்திசாலி. அவகிட்டயே கால் கிலோ வாங்கிட்டு, நம்ம காட்டுவழியே பைக்குல திரும்பி வந்தவன் யாருன்னு நான் சொல்லவா, நீயே சொல்றியா மாப்ள? பறிச்ச அன்னைக்கே ஆக்கிறணும், மறுநாளுக்கு வச்சா வெடிச்சு வெளுத்துரும். அதுக்குப் பிரிட்ஜும் உதவாது.

குடிக்கிற தண்ணிக்கே குடத்துக்கு இம்புட்டுன்னு காசு குடுக்கிற சீமை இது. நமக்கு அளவில்லாமக் கெடைக்கிறது வெயிலு ஒண்ணுதான். அதையாவது பிடிச்சு வையி. சீனியவரக்கா, சுண்டக்கா, மிதுக்கங்கா, கத்திரிக்கா, மலிவா வரும்போது வாங்கி உப்பு மோருல போட்டுக் காயவச்சா, ஆடி மாசத்துல காய்க்கடைக்காரனப் பாத்து நீ கும்பிட வேண்டியதில்ல.

இனி அந்த மொத்தக் காசு விசயம். விருதுநகரப் பத்திச் சொல்லுவாக, ஒண்ணும் விளையாத ஊரு, எல்லாத்துக்கும் வெல வைக்கிற ஊருன்னு. பருப்பு, எண்ணெ, மல்லி, வத்தல் எல்லாத்துக்கும் அங்கருந்துதான் வெல கிளம்பும், பேப்பர்லயும் போடுவான். அத வாசிச்சுட்டுக் கடைக்குப் போ. தை, மாசியில மல்லி வரும். மாசி, பங்குனியில வத்தல். அதுக்குப் பின்னாலயே புளி. வரத்து இருக்கும்போது வெல எறங்கும், ஐப்பசிக்கு ஏறும். நாம என்ன செய்றோம்? நம்ம புஞ்சையில விளைஞ்ச வத்தல மாசியில எறங்குன வெலைக்கு மூடையோட குடுத்துட்டு, அதையே ஐப்பசியில பொடியாக்கிப் பொட்டலத்துல வந்தா வாங்குறோம். வருசச் சாமான வருசத்துக்கு ஒரு தடவ வாங்கிறணும். காசுக்கு வழி? தாயி, இது உனக்கு. உங்க தெருவுல பத்துப் பொம்பளையாளு சேருங்க. வாரத்துக்கு ஆளுக்கு 50 ரூவா. தீவாளிச் சீட்டுப் போடுறீகளே, அதே மாதிரி பங்குனிச் சீட்டு. மொத்தமா வாங்கி வந்து உழக்கு வச்சு அளந்து பிரிச்சுக்கிடுங்க. சீட்டுப் பிடிக்கிற ஆளுக்கு ஊருல சொந்த வீடும், ரெண்டு மாடும் இருக்குதான்னு மட்டும் பாத்துக்கிடுங்க. வாடகை வீட்டுக்காரி பிடிச்ச சீட்டு ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறியிருக்கு. காய்க்கு அருப்புக்கோட்டை உழவர் சந்தை இருக்கு. காலையில போகணும், எழுதிப் போட்ட வெலைக்கு மேல கேக்க மாட்டாக. கட்டணமில்லா டவுன் பஸ்ஸு கெடைச்சா உங்களுக்குப் பஸ் காசும் மிச்சம். இவன் பைக்குல கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா ஏறாத. பெட்ரோலு, புரோட்டா, எல்லாம் காய்க் கணக்குல வந்துரும்.

புள்ளைகளப் பள்ளிக்கூடத்துலயே சாப்பிடச் சொல்லு. விருதுநகர்க்காரரு காமராசரு 1956-ல மத்தியானச் சோறு போட ஆரம்பிச்சாரு, 2022-லருந்து காலையிலயும் போடுறாக. “எங்க புள்ள அங்கன சாப்பிடாது”ன்னு டப்பாவுல கட்டிக் குடுக்கிறது கவுரவமாம். அந்தப் புள்ள டப்பாவ மூடி வச்சுட்டு அங்கன பொங்கல வாங்கித் திங்கிறத வாத்தியாரம்மா சொன்னாக.

கடைசியா உன் கணக்கு மாப்ள. தாயி, கொஞ்சம் காத மூடிக்க. வேண்டாம், தொறந்தே வையி. சாதாரண குவாட்டரு 140 ரூவா. வாரத்துக்கு ரெண்டுன்னா மாசம் எட்டு, 1,120 ரூவா. சர்க்காரு பதினஞ்சாந் தேதி இவ கணக்குல போடுற உரிமைத் தொகை 1,000. அந்த ஆயிரத்த நீ முழுங்குனது போக இன்னும் 120 ரூவா அவ உனக்குக் கடன்பட்டிருக்கா. பெறகு அடுப்படியில போயி, கடுகு ஏன் இம்புட்டுப் போடுறன்னு கேக்குற! பக்கத்துல திருச்சுழியில 1879-ல பொறந்த ரமணரு, திருவண்ணாமலையில தரையில சிந்துன அரிசியக் கூடக் குனிஞ்சு பொறுக்குவாருன்னு கூட இருந்தவுக எழுதி வச்சிருக்காக. அவருக்குக் குனிய முடிஞ்சுச்சு. உனக்கு முதுகு வளைய மாட்டேங்குது, கை மட்டும் அவ டப்பாவுக்குள்ள நீளுது.

கடையில பற்று நோட்டு வச்சிருக்கியாமே, அத முதல்ல கிழி. நோட்டுல எழுதுனா வெல கேக்க வாயி வராது, மட்டமான பருப்பக் குடுத்தாலும் வாங்கிட்டு வரணும். கடன்ல ஒரு உப்புக்கல்லு கூட வாங்கக் கூடாது. புரிஞ்சுதா? சரி, நேரமாச்சு, கெளம்பு. பங்குனியில நீங்க சாமான் எடுக்கப் போகும்போது எனக்கும் ரெண்டு படி மல்லியும் ஒரு கிலோ வத்தலும் சேத்து வாங்கிட்டு வந்துரு. காசா? எழுதி வச்சுக்க மாப்ள, பெறகு தாரேன்.